வெளியே நிற்கிறேன்

— பேனாவை எடுத்தா கை சும்மாவே இருக்காதா உங்களுக்கு?

— மேசை மேல திறந்து கிடந்துச்சு. கண்ணு அங்கே போச்சு. கண்ணு போனா கையும் போகும். இத்தனை வருஷமா பிரஸ்ல புரூஃப் பார்க்கிறவன்கிட்ட வேற என்ன எதிர்பார்க்கிறே?

— இது பிரஸ்ஸுக்குப் போற புத்தகம் இல்லங்க. தினமும் வேதம் வாசிச்சு, மனசுல என்ன பட்டுதோ அதை எழுதி வைங்கன்னு போதகரம்மா சொன்னாங்க. ஆண்டவரும் நானும் மட்டும் பார்க்கிற நோட்டு.

— ஆண்டவர் பார்க்கிறதா இருந்தா ஒற்றுப்பிழை இல்லாம இருக்கட்டுமேன்னுதான்.

— சிரிச்சு மழுப்பாதீங்க. இங்க பாருங்க, ‘ஆண்டவரே, முடியல’ன்னு எழுதியிருக்கேன். பக்கத்துல நீங்க எழுதியிருக்கிறதைக் கொஞ்சம் வாசிங்க.

— ‘மூன்று முறை வருகிறது. இரண்டை நீக்கலாம்.’

— எந்த ரெண்டை நீக்கட்டும்? அம்மாவுக்கு ராத்திரி துணி மாத்தினதையா, விடியறப்போ மாத்தினதையா?

— சரிம்மா, அது தப்பு. ஒத்துக்கிறேன். அழிச்சிடறேன்.

— சிவப்பு மை அழியுமா?

— மெதுவா பேசு. அத்தை முழிச்சுக்கப் போறாங்க.

— அவங்க எங்க தூங்கினாங்க? சின்னவ வர்றான்னு கேட்டதிலிருந்து பொட்டுத் தூக்கம் இல்ல. ஜன்னல் திரை வெளுத்துப் போச்சாம், அவ வர்றதுக்குள்ள மாத்தணுமாம். அந்த ஜன்னல் பக்கத்துலதான் நான் தினமும் தரையில படுத்துக் கிடக்கிறேன். என்னைக்காவது அந்தத் திரை அவங்க கண்ணுல பட்டுச்சா?

— சொல்லாம கொள்ளாம போன பொண்ணு, இப்போதான் திரும்பி வர்றா. பெத்த மனசு சந்தோஷப்படாதா? உன் தங்கச்சிதானே. நாளைக்கு ஸ்டேஷனுக்கு நானே வந்து கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டேன். நீயும் வந்தா நல்லா இருக்கும்.

— நான் வரல. அவ உள்ளே நுழையறப்போ நான் வீட்டுலயும் இருக்க மாட்டேன். அதைத்தான் எழுதி வெச்சிருந்தேன், நீங்க திருத்திட்டீங்க.

— எங்கே? அப்படி ஒண்ணும் இல்லையே. ஒரு வரி விடாம பார்த்தேனே.

— எழுத்தைப் பார்த்தீங்க. இந்தக் கடைசி வரி.

— இதுவா? இது அந்த ரெண்டு மகன் கதை. இளையவன் எல்லாத்தையும் தொலைச்சுட்டுத் திரும்பி வர்றான், அப்பா விருந்து வைக்கிறார். கூடவே இருந்து உழைச்ச மூத்தவன் கோவிச்சுக்கிட்டு உள்ளே வர மாட்டேங்கிறான். நீ என்ன எழுதியிருக்கே? ‘மூத்தவன் வெளியே நிற்கிறேன்.’ எழுவாய் மூத்தவன், பயனிலை நிற்கிறேன். எப்படிம்மா பொருந்தும்? ‘நிற்கிறான்’னு ஒரே ஒரு எழுத்துதான் மாத்தினேன்.

— அது பிழை இல்லங்க.

— இலக்கணப்படி பிழைதானே?

— தெரிஞ்சுதான் எழுதினேன்.

— தெரிஞ்சா?

— ம்.

— நான்... கை தவறிடுச்சுன்னு நினைச்சேன்மா.

— வாய் திறந்து சொன்னா பொறாமைன்னு சொல்வீங்க. போதகரம்மாகிட்ட சொன்னா ஜெபம் பண்ணுன்னு சொல்வாங்க. எங்கேயும் சொல்ல முடியாததை அங்கே ஒரு வார்த்தையில வெச்சிருந்தேன். அதையும் பிடுங்கி யாரோ ஒருத்தன் தலையில கட்டிட்டீங்க.

— இப்போ நான் என்னதான் பண்ணணும்கிறே? அவளை வர வேண்டாம்னு சொல்லிடவா?

— அவ வரட்டும். அந்தக் கதையில மூத்தவன் கடைசியில உள்ளே போனானா, ஞாபகம் இருக்கா?

— போனான்னும் இல்ல, போகலைன்னும் இல்ல. அதோட நிறுத்திடுவாங்க.

— ஆனா அப்பா விருந்தை விட்டுட்டு வெளியே வந்தார். அவன் நின்ன இடத்துக்கே வந்து கெஞ்சிக் கூப்பிட்டார். எங்க அம்மாவால கட்டிலை விட்டு இறங்க முடியாது. நீங்களாவது ஒரு தடவை வெளியே வந்து என்னைக் கூப்பிடுங்களேன்.