மடிச்சு வெச்ச சண்டை

— ஏங்க, புரோகிராம்ல ஒவ்வொரு மாத்தத்தையும் சேமிச்சு கமிட் போடறப்ப என்ன மாத்தினோம்னு ஒரு வரி எழுதச் சொன்னா, என்ன எழுதி வெச்சிருக்கீங்க? வாய்விட்டுப் படிங்க.

— "தேதி வரிசையைச் சரிசெய்தேன். சாப்பாடு மேசைமேல் மூடி இருக்கிறது."

— கர்மம்! மத்தியானம் பல் டாக்டரம்மா அவங்க கிளினிக்குக்கு நாம எழுதின சாப்ட்வேர முழுசாப் பாக்கப் போறாங்க. பிடிச்சாத்தான் அவங்களோட மத்த ரெண்டு கிளினிக்கும் நமக்கு.

— நீ மட்டும் என்ன, தாயே? "ரசீதுப் பிழை திருத்தம். சாப்பாடு வேண்டாம், நானே சமைத்துக்கொண்டேன்." இது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?

— டாக்டரம்மா முன்னாடியே "தப்பு இவளோடது"ன்னு போட்டுக் குடுத்தீங்களே. அப்புறம் எந்த வாயால உங்ககிட்டப் பேசறது? அதான் குறிப்புலயே பதில்.

— அதான் மன்னிப்புக் கேட்டாச்சே. இப்ப என்ன பண்ணணும், அதச் சொல்லு.

— பின்னாடி பண்ண திருத்தத்தையெல்லாம் அதது சேர வேண்டிய பழைய கமிட்டுக்குள்ள மடிச்சுடறேன். குறிப்பும் போயிடும். முதல்லயே ஒழுங்கா எழுதின மாதிரி இருக்கும்.

— முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற.

— மறைச்சுட்டுப் போறேன், போங்க. இதென்ன? "ஒரு கமா நீக்கம். போதும், பேசிவிடு." கமாவுக்கெல்லாமா ஒரு கமிட்டு?

— வேற தப்பு எதுவும் சிக்கல. உன்கிட்ட சொல்லணும்னு இருந்துச்சு.

— அதப் பாத்துட்டுத்தான் எழுந்து வந்தேன்.

— தெரியும். டீ வேற போட்டுக் குடுத்தியே.

— இதையும் மடிக்கணுமா?

— மடி, மடி. எனக்கு மறக்காது.

— ஆச்சு. அனுப்பிட்டேன். பாருங்க, எவ்வளவு அடக்கஒடுக்கமா இருக்கு!

— போன் அடிக்குது. டாக்டரம்மாதான். ஸ்பீக்கர்ல போடு.

— வணக்கம் டாக்டரம்மா. மத்தியானம்தானே பாக்கறதாச் சொன்னீங்க?

— மனசு கேக்கலம்மா, இப்பவே திறந்துட்டேன். வேலை சுத்தமா இருக்கு. ஆனா அந்தக் குறிப்பெல்லாம் எங்க?

— எந்தக் குறிப்பு டாக்டரம்மா?

— உன் வீட்டுக்காரர் முதல் நாளே என் மெயிலச் சேத்துவிட்டாரே. நீங்க கமிட் போடப் போட எனக்கு வந்துடும். வாரம் பூரா நானும் நர்சும் அதத்தான் படிச்சுட்டு இருந்தோம்.

— ஏங்க!

— ஐயையோ, அது நெசமாவே மறந்துபோச்சு, தாயே.

— அவரத் திட்டாதம்மா. மூணு கிளினிக்கும் உங்களுக்குத்தான், அது கிடக்கட்டும். இங்க ஒருத்தர் நாற்காலியில வாயப் பொளந்துகிட்டுக் காத்திருக்கார், சீக்கிரம் சொல்லு: அந்தக் கமாவுக்கு அப்புறம் பேசிட்டியா, இல்லையா?