வெளுத்த மோதிரம்

ஹலோ... ச்சிரில் மச்சானா? யெர்னெய் பேசறேன், இத்ரியாவுலேர்ந்து... ஆமா, ஆமா, இன்னைக்குத்தான் கல்யாண நாள். முப்பது வருஷம்... வாழ்த்தெல்லாம் நேர்ல சொல்லு. நகைப் பட்டறையைத் திறந்துட்டியா?... தங்கம் வெள்ளையாயிட்டா மறுபடி மஞ்சளாக்க முடியுமா?

என் கல்யாண மோதிரம்தான்... பெயின்ட் இல்ல மச்சான். பாதரசம்.

சிரி. நல்லா சிரி... இருபத்திரண்டு வருஷமா இங்க பழைய பாதரசச் சுரங்கத்தை ஊர் பார்க்க வர்றவங்களுக்குச் சுத்திக் காட்டுறவன். வர்ற ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதே பாட்டுத்தான். "தனிமங்கள்லயே சாதாரண அறை வெப்பத்துல திரவமா இருக்கிறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு புரோமின், இன்னொண்ணு நம்ம பாதரசம். இது தங்கத்தைக் கண்டா விடாது, மோதிரத்தைக் கழட்டிடுங்க"ன்னு... ஆமா, நேத்தும் சொன்னேன். எல்லாரும் கழட்டுனாங்க. அப்புறம் இரும்புக் குண்டு மிதக்கறதைக் காட்டறேன்னு பாதரசத் தொட்டிக்குள்ள கையை விட்டேன்... ஆமா, கழட்டாத ஒரே ஆளு, இந்த மேதாவிதான்.

துடைக்காம இருப்பேனா? வீட்டுல ஒரு திரவத்தை விட்டு வைக்கல. நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோன், போகல. பெட்ரோல், போகல. வினிகர்... அதுவும்தான். கடைசியா பிளம் சாராயம். மோதிரத்துக்கு ஒரு சொட்டு, மிச்சம் எனக்கு.

அடுப்புல காட்டட்டுமா?... சரி சரி, கத்தாத! ஆவி விஷம், தெரியும். அதையும் நான்தான் தினம் ஊருக்குச் சொல்றேன்.

நாளைக்கா?! இன்னைக்குப் பன்னண்டு மணிக்கே பாதிரியார் ரெண்டு மோதிரத்தையும் தட்டுல வச்சு ஆசீர்வதிக்கப் போறாரு! ஊரே பார்க்கும்... ஊரை விடு. உன் தங்கச்சி மிலோய்கா முகத்துல எப்படி முழிப்பேன்? முப்பது வருஷமா அவ மோதிரத்தைக் கழட்டினதே இல்ல. அழுகையா வருது மச்சான்.

என்ன, மறுபடி சிரிக்கிற?... சொல்ல மாட்டேன்னு யாருக்குச் சத்தியம் பண்ணுன?... ச்சிரில், மரியாதையா சொல்லு.

...தெர்மாமீட்டரா? அதுல இருந்த பாதரசம் பட்டு அவ மோதிரமும் வெளுத்து நொறுங்கிடுச்சா?... எப்ப?... மூணு வருஷமாச்சா?... அப்ப இப்ப அவ கையில இருக்கிறது?... பித்தளையா?

இரு. உக்காந்துக்கறேன்.

மூணு வருஷமா அந்தக் கையைப் பிடிச்சுட்டு நடந்திருக்கேன். விரல் ஏன் பச்சையா இருக்குன்னு கேட்டேன். புல்லு புடுங்கினேன்னா. நம்பிட்டேன்! உலோகத்தைப் பத்தி ஊருக்கே பாடம் எடுக்கிற ஆளு நான்...

பயந்தாளா? நான் திட்டுவேன்னா?... ஓ... "பாதரசக்காரன் பொண்டாட்டியே இப்படியா"ன்னு ஊரு என்னைப் பார்த்துச் சிரிக்கும்னா?... எனக்காகவா மறைச்சா?...

கேளு, பதினோரு மணிக்கு வர்றப்ப என் அளவுக்கும் பித்தளையில ஒண்ணு எடுத்துட்டு வா... ஆமா. ஜோடியா இருக்கட்டும்.

இரு, படியில சத்தம்... அவதான். ஒரு கையைப் பின்னால வச்சுட்டே வர்றா... நானும் அப்படித்தான் நிக்கிறேன். வை மச்சான், வச்சுடு.

மிலோய்கா, இங்க வா... சண்டை இல்லம்மா. நான் முதல்ல காட்டறேன்.