தலைவர் துண்டும் ஜானட்டு வாழ்த்தும்

...அதான் கேக்குறேன் நைனா, கீழ கீற நோட்டீஸ் போர்டு இன்னா அவங்க வூட்டு அலமாரியா? பில்டிங்குக்கே பொது. சங்கத் தலைவரு நானு. மேல் வூட்டு ஜானட்டு பாட்டுக்கு நேத்து எறங்கி வந்து, கலர் சாக்பீஸ்ல ஸ்டார்லாம் போட்டு, 'கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்'னு எழுதி வெச்சிகீது. அழிச்சேன். தோ, இந்தத் தோள்ல கீற துண்டாலயே அழிச்சேன். 'பண்டிகைக் கால வாழ்த்துகள்'னு எழுதினேன். எவன் மனசும் நோவாது பாரு... இன்னா பண்டிகையா? நீயுமா கேக்குற!

பொது எடத்துல மதம் கூடாது தம்பி. நீ புதுசா குடி வந்தவன், உனக்குத் தெரியாது. ஹார்பர் கேட்டாண்ட வெயில்ல நின்னு துண்டுப் பிரசுரம் குடுத்தவன் நானு. ரெண்டு தபா ஜெயிலு! இப்ப ஓட்டு கேட்டு வர்றவனுங்களப் பாரு... ஒருத்தன் ராயபுரத்துல கேக்கு வெட்டுறான், கொருக்குப்பேட்டைக்குப் போனா கேக்கு வெட்டுனவனத் திட்டுறான். இன்னொருத்தன் வாழ்த்து சொன்னா ஓட்டு போயிடும்னு வாய்ல கொழுக்கட்டைய அடைச்சிகினு கீறான். த்தூ! எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்.

அதுக்கு ஜானட்டு இன்னா கேட்டுச்சு தெரியுமா? "தலைவரே, தீபாவளிக்கு பக்கத்து வூட்டு பாலகணேஷ் அண்ணன் வாழ்த்து எழுதினாரே, அத யாரும் அழிக்கல, பொங்கல் வரைக்கும் இருந்தாலும் இருக்கும்னு நெனைச்சேன். அப்ப எங்க போச்சு இந்தத் துண்டு?"

எப்டி கேள்வி! அன்னிக்கு பாலகணேஷ் பொஞ்சாதி அதிரசம் குடுத்தனுப்பிச்சு... கை பூரா எண்ண. எண்ணக் கையால தொட்டா போர்டு கலீஜாவாதா? அப்பால மறந்துட்டேன். மனுசன் மறக்க மாட்டானா?

அதுக்குன்னு... வருசா வருசம் இந்த நாளு மத்தியானமானா ஜானட்டு வூட்லருந்து பிரியாணித் தட்டு வந்துரும் நைனா, மேல பூப்போட்ட துணி மூடிகினு. என் வூட்டுக்காரி செத்தப்புறம்கூட நிக்கல. இன்னிக்கு எல்லா வூட்டுக்கும் போச்சு. என் வாசலத் தாண்டிதான் போச்சு. வாசன மட்டும் உள்ள வந்துச்சு. அத நம்பி நான் சோறும் வடிக்கல. பரவால்ல... கொள்கை நைனா, கொள்கை! உண்ணாவிரதம்லாம் நமக்குப் புதுசா?

இன்னா எந்திரிச்சிட்ட? மேலருந்து கூப்புடுறது... ஜானட்டா? உன்னியா? போ, போ. நான் இன்னா கையப் புடிச்சிகினா கீறேன்...

தம்பி! தோ, ஒரு நிமிசம். நான் வாழ்த்து சொன்னேன்னு சொல்லு. இன்னா வாழ்த்துன்னு கேக்கும்... கேக்காம வுடாது அது... கிறிஸ்துமஸ்னே சொல்லித் தொல!

அப்புறம் தம்பி... சாக்பீஸு போர்டாண்டயேதான் கீது. துண்ட தொவைக்கப் போட்டுட்டேன்னு சொல்லு!