எனக்கு ஏதாவது வந்துச்சா?

— எனக்கு ஏதாவது வந்துச்சா?

— ஒண்ணும் வரல, ரேடியோ. அந்தக் குண்டூசி டப்பாவையும் சுத்தியலையும் இப்படித் தள்ளு. எனக்கு?

— உனக்கும் ஒண்ணும் வரல, அகராதி. காலைலகூட உன் மெயிலத் திறந்து பாத்தேன். காலியாக் கிடக்கு.

— சரி விடு. அட்டைய நேராப் பிடி. நாளைக்கு மொத வருஷப் பசங்க மொத்தமா வந்து பாக்கப் போற பலகை. கோணலா இருந்தா துறைத்தலைவி இந்த ஆணியிலேயே நம்மளத் தொங்க விட்டுடுவாங்க.

— விடட்டுமே. 'பிரெஞ்சு படித்தால் என்ன ஆகலாம்?' அம்மா தாயே, இந்தக் கேள்விய எங்கம்மா மூணு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காங்க. பதில் இன்னைக்குத்தான் அட்டையில எழுதிக் கைக்கு வந்திருக்கு.

— ஒவ்வொண்ணாப் படி. நான் குத்துறேன்.

— மொழிபெயர்ப்பாளர்.

— ம்.

— ஓட்டல் வரவேற்பாளர். வர்றவன் போறவனுக்கெல்லாம் பல்லக் காட்டிச் சாவி கொடுக்கணும்.

— ம்.

— விமானப் பணிப்பெண். நீ குள்ளம், நான் வாயாடி. ரெண்டு பேரும் அவுட். அடுத்தது வாடிக்கையாளர் சேவை. ஒரு நாளைக்கு எண்பது பேரு போன் போட்டு பிரெஞ்சுல திட்டுவாங்க, நாம இலக்கண சுத்தமா மன்னிப்புக் கேக்கணும். நமக்கு முந்தின செட்டு அக்கா ஒருத்தி அங்கதான் இருக்கா. இப்ப அவ வீட்டுலகூட வாயத் தொறக்கறதில்லையாம்.

— கீழ ரெண்டு இருக்குமே.

— இருக்கு. 'பிரான்சில் பள்ளி உதவி ஆசிரியை, ஏழு மாதம்'. அப்புறம் 'பிரான்சில் மொழிபெயர்ப்பு முதுகலை, உதவித்தொகையுடன்'.

— அத ரெண்டையும் நடுவுல குத்துவோம்.

— குத்து. நல்லா ஆழமாக் குத்து. எனக்கு நெஞ்சுலயே குத்துற மாதிரி இருக்கு.

— இல்ல பாரு, ரெண்டுக்குமே நாம விண்ணப்பம் போட்டிருக்கோம். ஏதாவது ஒண்ணு வராமயா போயிடும்?

— உனக்கு வரும். உனக்கு எல்லாமே வரும். வரவேற்புரை யாரு, அகராதி. தூதரகத்துக்காரங்க வந்தப்ப பக்கத்துல உக்காந்தது யாரு, அகராதி. உங்கண்ணன் வேற ஏற்கெனவே வெளிநாட்டுல. லீவுக்குப் போற மாதிரி போயிட்டு வந்து, 'குளிரு தாங்கலடி'ன்னு சொல்லுவ. எனக்கு அங்க குளிருதா வேர்க்குதான்னுகூடத் தெரியாது.

— ஆரம்பிச்சுட்டியா?

— பொறாமையாத்தான் இருக்கு, என்ன பண்ணச் சொல்ற? மூணு வருஷமா ஒரே ரூம்ல, ஒரே சோப்புல குளிக்கிறோம். நீ நடந்தா சாதனை, நான் நடந்தா நடை.

— உனக்கு என்ன குறைச்சல்? நீ வாயத் தொறந்து பிரெஞ்சு பேசினா வகுப்பே திரும்பிப் பாக்குது. ரேடியோன்னு சும்மாவா பேரு வெச்சாங்க? நான் ஒரு வாக்கியத்தப் பத்து தடவ எழுதிப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டு வருவேன். நீ பாட்டுக்கு ஜன்னல்ல வேடிக்கை பாத்துக்கிட்டே அதவிட அழகாச் சொல்லுவ. எனக்கு மட்டும் வயிறு கிடையாதா எரியறதுக்கு?

— அடேங்கப்பா. அகராதிக்கு வயிறு எரியுதாம்! சரி, மணி என்ன?

— நாலேகால். ஏன் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ மணி கேக்குற?

— ஒண்ணுமில்ல. ஏய், நம்ம ஒப்பந்தத்த முறிச்சுடலாமா?

— எத?

— அதான், உன் ரிசல்ட்ட நான் பாக்குறது, என் ரிசல்ட்ட நீ பாக்குறது. மொத வருஷ வாய்மொழித் தேர்வு ரிசல்ட் அன்னைக்கு நான் பலகை முன்னாடி மயங்கி விழுந்தேனே, அதுக்காக ஆரம்பிச்சது. இப்ப விண்ணப்பத்துக்குன்னே தனி மெயில் பெட்டி போட்டு, உன் பாஸ்வேர்ட நானும் என்னோடத நீயும் வெச்சுக்கிட்டு, சொந்தப் பெட்டிய சொந்தக் கையால திறக்கறதில்லன்னு சத்தியம் வேற. குழந்தைப்பிள்ளை விளையாட்டா இல்ல?

— வேண்டாம். நல்லாத்தான போயிட்டிருக்கு. எதுக்கு மாத்தணும்?

— நீயாவது உன்னோடதத் திறந்து பாரேன்.

— எதுக்கு? நீதான் காலியாக் கிடக்குன்னு சொன்னியே.

— அகராதி.

— சொல்லு.

— அந்தச் சுத்தியலக் கீழ வை.

— ஏன்?

— நான் சொல்றதக் கேட்டு என் மண்டைல போட்டுடுவ. உன் பெட்டி காலியா இல்ல. வந்துடுச்சு. பள்ளி உதவி ஆசிரியை. உனக்குக் கெடச்சிருச்சு. வந்து ஒம்பது நாளாச்சு. நான்தான் படிச்சுட்டு, உன் கண்ணுல படாத எடத்துக்குத் தள்ளி வெச்சேன். ஏத்துக்கறேன்னு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் போடணும். போடலன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். அந்த மெயில்லயே பட்டியலும் இருக்கு, காத்திருப்புல மொத ஆளு நான்.

— இன்னைக்கு அஞ்சு மணியா?

— ஆமா.

— உன் போனக் கொடு.

— இந்தா. மேலேயே திறந்து வெச்சிருக்கேன். அஞ்சு மணி அடிச்சதும் எல்லாம் முடிஞ்சுடும்னு காலைலேர்ந்து எண்ணிக்கிட்டு இருந்தேன். முடியலடி. இந்த அட்டைய என் வாயாலயே படிச்சதும் சொல்லிடணும்னு ஆயிடுச்சு.

— இந்த ஊரு எங்க இருக்கு?

— கடலோரமா. வரைபடத்துல பாத்தேன். ஸ்டேஷன்லேர்ந்து பள்ளிக்கு நடந்தே போயிடலாம். பக்கத்துலயே ஒரு ரொட்டிக் கடை. எனக்கு அந்தத் தெரு அத்துப்படி. ஒம்பது நாளா நான்தான் மனசுக்குள்ள அங்க நடந்துக்கிட்டு இருக்கேன்.

— எத அழுத்தணும்?

— பச்சைக் கட்டத்த. அப்புறம் உன் பேரு. அவ்வளவுதான்.

— போயிடுச்சு.

— போயிடுச்சா?

— நன்றின்னு பதில் வந்துடுச்சு. நாலு இருபத்திரண்டு.

— சரி. இப்பத் திட்டு.

— எதுக்கு?

— எதுக்கா? உன் வாழ்க்கையோட மென்னியப் பிடிச்சிருக்கேன். 'அடிப்பாவி'ன்னாவது சொல்லேன். நீ இப்படி அமைதியா இருந்தா பயமா இருக்கு.

— குண்டூசி கீழ கொட்டிக் கிடக்கு. யாராவது மிதிச்சுடப் போறாங்க.

— குண்டூசி கெட்டுது! உன்னால எப்படி முடியுது? நேத்துகூட, என் மூஞ்சி வாடிக் கிடக்குன்னு நீயே டிக்கெட் எடுத்து மத்தியானப் படத்துக்குக் கூட்டிட்டுப் போன. எனக்குப் படமே தெரியல. இவ்வளவு நல்லவளுக்குப் போய் இப்படிப் பண்றோமேன்னு இருட்டுல அழுதுக்கிட்டு இருந்தேன். நீ கைக்குட்டை கொடுத்த.

— ரேடியோ, போதும்.

— போதாது. நான் சொல்லி முடிச்சுடறேன். என் அலமாரில ஒரு கோட்டு தொங்குதில்ல?

— உங்கப்பா தச்சது.

— ஆமா. 'நீ போறது நிச்சயம், துணி தள்ளுபடில வந்துச்சு'ன்னு போன மாசமே தச்சு அனுப்பிட்டாரு. ஊர்ல அத்தனை பேருக்கும் சட்டை தச்சவரு, மகளுக்கு மொத மொதலா கம்பளிக் கோட்டு தச்சிருக்காரு. உள்பக்கம் யாருக்கும் தெரியாம ஒரு பை வெச்சிருக்காரு, பாஸ்போர்ட்டுக்காம். அத நீ எடுத்துக்கோ. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தோள்தான. கையக் கொஞ்சம் மடிச்சுத் தச்சாப் போதும்.

— எனக்கு வேண்டாம்.

— வாங்கிக்கோடி. கோட்டாவது போயிட்டு வரட்டும். நீ அதப் போட்டுக்கிட்டு அந்த ரொட்டிக் கடை முன்னாடி நின்னு ஒரு போட்டோ அனுப்பு. வயிறு எரியத்தான் எரியும், அத மறைக்க மாட்டேன். ஆனா பாத்துக்குவேன்.

— வேண்டாம்னு சொல்றேன்ல! அந்தக் கோட்டப் பத்திப் பேசாத!

— ஏன் கத்துற? இப்பத்தான் கோவம் வந்துச்சா? நல்லது. கத்து. அய்யோ, அழறியா? ஏய், அகராதி, நீ எதுக்கு அழற? தப்பு பண்ணவ நானு.

— நீ நாலேகாலுக்காவது சொல்லிட்ட.

— அதுல என்ன பெருமை? என் எடத்துல நீ இருந்திருந்தா, எனக்கு ஏதாவது வந்த அன்னைக்கே ஓடி வந்து சொல்லியிருப்ப.

— முதுகலை சீட்டு உனக்குத்தான் கெடச்சுது, ரேடியோ. வந்து பன்னெண்டு நாளாச்சு. பதில் போடக் கடைசி நாள் நேத்து, நாம படம் பாத்துக்கிட்டு இருந்தப்ப முடிஞ்சுபோச்சு.