தப்பே வராத வேலை

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். லேத் பட்டறை இரண்டு, மாடம்பாக்கத்தில் மாடி வீடு, எல்லாம் ஒற்றை ஆளாகக் கட்டினேன். அன்று தாம்பரத்தில் ஏறிய ரயிலில் எதிரே இரண்டு சாஃப்ட்வேர் பெண்கள்.

“ஜாவால எல்லா டேட்டாபேஸ் க்வெரியும் டைப்-சேஃபா மாத்திட்டேன்டி. ஃபீல்டு பேரு தப்பா இருந்தா கம்பைலே ஆகாது, ப்ரோக்ராம் ஓடவே ஆரம்பிக்காது.”

“சூப்பர்! அப்புறம் ஏன்டி மூஞ்சி இப்படி?”

“முன்னல்லாம் ஓடுறப்போ உடையும். டீமே என் சீட்டுக்கு ஓடி வரும். இப்ப ஒருத்தர்கூட எட்டிப் பாக்கறதில்ல.”

“வேணும்னே ஒண்ணு தப்பா எழுதேன்.”

“அதான் கம்பைலே ஆகாதே!”

தோழி சிரித்துவிட்டு போனுக்குள் குனிந்துகொண்டாள். அந்தப் பெண் மட்டும் தன் வேலையைப் பற்றி மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். குரோம்பேட்டையில் இறங்க வேண்டிய நான் கிண்டி வரை கேட்டேன். அவள் வேலையை ஒருவராவது முழுசாகக் கேட்டதாகப் பேச்சு வந்தால், அது நான்தான் என்று சொல்லியாக வேண்டும்.