மணி அடிக்காத போன்

ஸ்பீக்கரக் கழட்ட வேணாம் தாயி, அதுல ஒண்ணுமில்ல. நீயே இப்ப அடிச்சுப் பாத்தேல்ல, கணீர்னு கேட்டுச்சா? பெறகென்ன. ஒரே ஒரு நம்பருக்குத்தான் அடிக்காது. ஆமா, பிளாக்குதான். அத எடுத்துவிடணும்.

நான் போட்டதுதான். லோன் வேணுமா, லோன் வேணுமான்னு ஒருத்தன் உசுர வாங்குனான், அவனுக்குப் போடுறதுக்கு மச்சினரு சொல்லிக்குடுத்தாரு. போடத் தெரிஞ்சுச்சு, எடுக்கத் தெரியல. கம்பத்துல கடை இல்லாமயா தேனிக்கு வந்தேன்? அங்கன எல்லாரும் தெரிஞ்சவுக.

ஒண்ணு கேக்குறேன், சிரிக்கப்படாது. பிளாக்குன்னா சரியான அர்த்தம் என்ன? கம்பமெட்டு ரோட்டுல மரம் விழுந்தா, ரோடு பிளாக்குன்னு சொல்றாக. அதுல ரெண்டு பக்கமும் வண்டி நிக்கும். எறங்கிப் பாத்தா எதனாலன்னு தெரிஞ்சுரும். இதுல, கூப்புடுறவுகளுக்கு என்ன கேக்கும்? பிஸின்னா? எப்பக் கூப்புட்டாலுமா? அப்ப இங்கன ஓயாம வேற ஆரோடயோ பேசிக்கிட்டிருக்கோம்னு நெனச்சிருக்குமே... ஆண்டவரே.

ஆரு நம்பரா? மகதான். அனிதா மேரி. பொறந்தப்பவே கன்னியர் மடத்துக்குன்னு நேந்துக்கிட்ட பிள்ள. போயி இருந்து பாத்துட்டு, எனக்கு இது ஒத்து வரலப்பான்னு வெளிய வந்துருச்சு. இப்ப கோயமுத்தூர்ல வேலைக்குப் போகுது. சேச்சே, அது ஒரு தப்பும் பண்ணல தாயி. எனக்குத்தான் தல நிமிரல. கோயில்ல முன்னுக்க நின்னு வாசகம் படிக்கிற ஆளு நானு. ஆண்டவருக்குக் குடுத்ததத் திரும்ப வாங்கப்படாது, வீட்டுப் படி மிதிக்காதன்னுட்டேன். பெரிய ஞானி கணக்கா.

அதென்ன வரிசையா நிக்குது? எல்லாம் அது கூப்புட்டதா? இம்புட்டா? காட்டாத, வேணாம். கடேசியா எப்பன்னு மட்டும் சொல்லு.

இன்னைக்குக் காலையிலயா?

அந்த வரிசைய அழிச்சுர முடியுமா? ஏன் அப்பிடிப் பாக்குற? சரி சரி, அழிக்காத, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

வெரசா முடிச்சுரு. அந்தா, மருந்துக்கடையில பச்சச் சேல கட்டி நிக்கிறா பாரு, ஞானசெல்வி, என் வீட்டுக்காரி. மாத்திர வாங்கிட்டு இங்கதான் வருவா. வந்து கேட்டா, ரிப்பேரு, சரி பண்ணியாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. என் போன்ல எது ரிப்பேரா இருந்தா அவளுக்கென்னன்னா கேக்குற?

என் போனு பையில இருக்கு தாயி. அதுலயும் பிளாக்குதான், அதப் பெறகு பாப்போம். இது அவ போனு.

அவளுக்கு வந்த போன எடுத்துப் பேசத் தெரியும். போட்டுப் பேசத் தெரியாது. மக நம்பர மாத்திட்டா போல, நம்ம நெனப்பில்லன்னு சொல்லி வச்சிருந்தேன். இது ஏன் அடிக்கவே மாட்டேங்குது, கடையில காட்டுங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. நானும் வாங்கிட்டுப் போயி, டீ குடிச்சிட்டு வந்து, நல்லாத்தான் இருக்காம்னு குடுத்துருவேன்.

ராத்திரி செபத்துல, தூரத்துல இருக்கிற மகளுக்காகன்னு நான்தான் சொல்லுவேன். நான் முடிக்கிறதுக்கு முன்னயே அவ ஆமென்னு சொல்லிருவா.

நேத்து சொல்லி முடிச்சேன். அவ ஆமென் சொல்லல. இந்தப் போன எடுத்து என் கையில குடுத்து, நாளைக்குக் கடைக்கு நானும் வாரேன்னா.