ஒரு விளி குறைவாக எழுதிய மடல்

முதுகலை நுண்ணுயிரியல் துறைத் தலைவர் முனைவர் நேசபாய் அவர்களின் பணிநிறைவு விழாவில் துறையினர் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

கண்ணுக்குப் புலப்படா உயிர்களைக் கருத்துக்குப் புலப்படுத்திய கல்விச் செல்வியீர்! புதுக்கடை மண்ணில் பிறந்து, பொறுமையே பொருளாய், புலமையே புகழாய் வளர்ந்த பேராசிரியப் பெருந்தகையீர்! ஆய்வகத்துக்குள் அதட்டலும் அதன் வாசலுக்கு வெளியே அரவணைப்புமாய் எங்களை ஆண்ட அம்மையீர்! சுடரில் காட்டிய கம்பியின் தூய்மையைச் சொல்லிலும் செயலிலும் காத்த சான்றாண்மைச் செம்மலீர்! வணக்கம்!

இந்த இடத்தில் இன்னும் ஒரு விளி வந்திருக்க வேண்டும். இம்மடலின் முதல் வரைவில் அது இருந்தது. வாசிக்க எடுப்பாகவும் இருந்தது. அதை ஏன் எடுத்துவிட்டோம் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறோம். அதுவரை, மாலையும் கழுத்துமாய் மேடையில் அமர்ந்திருக்கும் தாங்கள், வழக்கம்போலக் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.

நம் கல்லூரியில் முதுகலை நுண்ணுயிரியல் தொடங்கிய நாளில் துறைக்கென்று இருந்தவை ஓர் ஓட்டுக் கட்டட அறையும், ஒழுகும் தண்ணீர்க் குழாயும், விலங்கியல் துறையிடம் இரவல் வாங்கிய நுண்ணோக்கியும்தாம். அந்த அறையைத் தாங்களே கூட்டித் துடைத்து, அந்தக் குழாய்க்குத் தாங்களே துணி சுற்றி, இரவல் நுண்ணோக்கியை மாலைதோறும் தாங்களே சுமந்துபோய்த் திருப்பிக் கொடுத்து, இன்று மாடிக் கட்டடமும் மூன்று ஆய்வகங்களுமாய் நிமிர்ந்து நிற்கும் துறையை உருவாக்கினீர்கள். புயலடித்து மாவட்டம் முழுவதும் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த நாட்களில், புதுக்கடைச் சந்தை மீன்காரர்களிடம் ஐஸ் வாங்கி, மீன்பெட்டியிலேயே பாக்டீரியா வளர்ப்புகளைக் காப்பாற்றிய கதையை இன்றும் பிற கல்லூரிகளில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தப் பெட்டி இன்னும் நம் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. எத்தனை முறை கழுவியும் அதன் வாசனை போகவில்லை.

சேர்க்கைக் காலத்தில் குழித்துறையிலிருந்தும் முட்டத்திலிருந்தும் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “இது படிச்சா எங்க பிள்ளை டாக்டர் ஆவாளா மேடம், இல்ல ரத்தம் எடுக்கிற வேலையா?” ஆண்டுதோறும் அதே கேள்வி, ஆண்டுதோறும் தங்களிடமிருந்து அதே பதில். “ரெண்டும் இல்லம்மா. கண்ணுக்குத் தெரியாததைப் பாக்கணும். பாத்ததை மட்டும் எழுதணும். அதுதான் படிப்பு.” கேட்ட பெற்றோர் பாதிப் பேர் குழம்பித்தான் போவார்கள். ஆனாலும் பிள்ளையைச் சேர்த்துவிட்டே போவார்கள்.

சேர்ந்த பிள்ளைகளைத் தாங்கள் படுத்திய பாடும் கொஞ்சமல்ல! பேனாவைக் கடித்தவருக்குப் பிற்பகல் முழுக்க ஆய்வக அனுமதி இல்லை. நகம் வளர்த்தவருக்கு வெட்டிவிட்டு வரும்வரை அனுமதி இல்லை. தேநீர்க் கோப்பையோடு ஆய்வக வாசலில் கால்வைத்த கல்லூரிச் செயலருக்கும் அனுமதி இல்லை. அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார், நாங்கள்தான் ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தோம். அத்தனை கண்டிப்புக்கும் நடுவே, எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பது மட்டும் தங்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

அவையோரே, இனி நாங்கள் சொல்லவிருப்பது ஒரு தேர்வின் கதை. முதுகலை இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் எழுதாத ஒரு சோதனைக் குழாய் தரப்படும். உள்ளே வளர்ந்திருக்கும் பாக்டீரியா எது என்று மாணவரே சோதித்துக் கண்டறிந்து எழுத வேண்டும். ஒரு குழாயில் ஒரே வகை உயிர்தான் இருக்க வேண்டும். வேறொன்று கலந்துவிட்டால், அதைவிடப் பெரிய பழி எங்கள் தொழிலில் கிடையாது. அந்தக் குழாய்களை ஆண்டுதோறும் தம் கையாலேயே தயாரித்தவர் நம் பேராசிரியர். மேடத்தின் குழாய்க்குள் தூசிகூட அனுமதி கேட்டுத்தான் நுழையும் என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரலில் அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஒருவர் அஸ்வதி. அவருடைய தாயார் பகவதியம்மாள் முந்திரி ஆலையில், நம் ஊர்ப்பேச்சில் சொன்னால் அண்டியாபீஸில், கை கறுக்கப் பருப்பு உடைத்து மகளை முதுகலை வரை படிக்க வைத்தவர். தூத்துக்குடியில் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆய்வகத்தில் அஸ்வதிக்கு வேலை காத்திருந்தது. தேர்ச்சி பெற்றால் ஜூனில் சேரலாம். தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அஸ்வதி தம் விடைத்தாளில் ஒரு பெயர் எழுதுவதற்குப் பதிலாக, “இக்குழாயில் இரண்டு வகை உள்ளன” என்று எழுதியிருந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அதைப் பார்த்ததும் சிவப்பு மைப் பேனாவை எடுத்துவிட்டார். அஸ்வதியின் குழாய் நிறைக்கப்பட்ட அதே தாய்க்குழாயிலிருந்து நிறைத்த குழாயைப் பெற்ற ஜெரிஷ் என்ற மாணவர் ஒரே ஒரு பெயரைத்தான் எழுதியிருந்தார். விடைக்குறிப்பிலும் அதுவே இருந்தது. ஆகவே, பாக்டீரியாவைத் தொட்டெடுக்கும் கம்பியைச் சரியாகச் சுடாமல் தன் கையால் கெடுத்துவிட்டு இந்தப் பெண் குழாயைக் குறை சொல்கிறாள் என்றார் தேர்வாளர். “இல்ல சார், நான் ரெண்டு மட்டம் திரும்பத் திரும்பப் பாத்தாச்சு. குழாய்லயே ரெண்டு உண்டு” என்றார் அஸ்வதி. ஆய்வகம் சிரித்தது. நேசபாய் மேடத்தின் குழாயிலா!

அம்மையீர்! அன்று தாங்கள் வாய் திறக்கவே தேவையிருக்கவில்லை. இலேசாகத் தலையசைத்திருந்தால் போதும், அந்தப் பெண்ணின் கதை அங்கேயே முடிந்திருக்கும். தாங்களோ தேர்வாளரின் பேனாமீது கைவைத்தீர்கள். “தாய்க்குழாய் ஃபிரிட்ஜில இருக்கு சார். அதைச் சோதிச்சுப் பாத்துட்டு மார்க் போடுவோம்” என்றீர்கள். முளைத்து வர ஒரு நாள் ஆகுமே, நான் ஊருக்குப் போக வேண்டுமே என்று அவர் பதறினார். “அது அதுக்க நேரத்துக்குத்தான் வளரும். நாம காத்திருப்போம்” என்றீர்கள். அவர் முன்னிலையிலேயே தாய்க்குழாயிலிருந்து தொட்டு, வளர்ப்புத் தட்டில் கோடாக இழுத்து, மூடி, முத்திரை வைத்தீர்கள்.

மறுநாள் காலை அனைவரும் சுற்றி நிற்கத் தட்டு திறக்கப்பட்டது. மஞ்சள் புள்ளிகளுக்கு நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாய் வெளிறிய புள்ளிகள். இரண்டு வகை! தேர்வாளர் நல்ல மனிதர். தங்கள் மதிப்பைக் காக்கவே நினைத்தார். ஆய்வக உதவியாளரின் கை பட்டிருக்கும், அப்படியே எழுதிவிடலாம் என்று மெல்லச் சொன்னார். உதவியாளர் சஜின் அப்போது கையில் தட்டுகளோடு அங்கேதான் நின்றிருந்தார்.

“சஜின் இதைத் தொடவே இல்ல சார். நிறைச்சதும் நான், அடைச்சதும் நான். பிள்ளைக்க கையில தப்பில்ல. தப்பு எனக்க கையில.”

தங்கள் மாணவர், தங்கள் பணியாளர், தங்களுக்குக் கீழ் வேலை செய்யும் நாங்கள், இத்தனை பேர் கேட்க இதைச் சொன்னீர்கள். அதைச் சொன்னபோதும் தாங்கள் நிமிர்ந்துதான் நின்றீர்கள். பிறகுதான் ஜெரிஷ் முன்னால் வந்தார். “நானும் ரெண்டு கண்டேன் மேடம். மேடத்துக்க குழாய்லா, தப்பாதுண்ணு நினைச்சு ஒண்ணை விட்டுட்டேன்” என்றார். அதைக் கேட்டதும் தாங்கள் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள். குழாய் கெட்டதைவிட அது தங்களை அதிகமாக உலுக்கியது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அங்கிருந்தபடியே ஜெரிஷைப் பக்கத்தில் அழைத்தீர்கள். “கண்டதை எழுதாததுக்கு உனக்கு மார்க் குறையும் மக்கா. உன்னை அப்படி ஆக்கினதுக்கு எனக்கும் குறையணும்.”

குறைந்தது. தேர்வறிக்கையில் தங்கள் பிழையைத் தாங்களே எழுதிக் கையொப்பமிட்டீர்கள். பல்கலைக்கழகத்தில் விளக்கம் கேட்டார்கள், தேர்வுப் பணியிலிருந்து விலக்கி வைத்தார்கள், தங்களுக்கே வரும் என்று ஊரறிய இருந்த பாடத்திட்டக் குழுத் தலைமை வேறொருவருக்குப் போனது. அதற்கெல்லாம் தாங்கள் முகம் வாடியதே இல்லை என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் உண்மையாக இராது. வாடினீர்கள். அந்த ஆண்டு துறையில் கிறிஸ்துமஸ் கேக் வெட்டியபோது தலைவலி என்று சொல்லித் தங்கள் அறையிலேயே இருந்துவிட்டீர்கள். துண்டு கேக்கைத் தாளில் சுற்றிக் கதவருகே வைத்துவிட்டு வந்தது நாங்கள்தான்.

ஆனால் வாடிய முகத்தோடும் வகுப்புக்கு வந்தீர்கள். அடுத்த ஆண்டு முதல், முதுகலைக்குச் சேரும் புதிய மாணவர்களுக்குத் தாங்கள் நடத்தும் முதல் பாடமே அந்தக் குழாயின் கதையாயிற்று. ஒன்றையும் மறைக்காமல், ஒருவர்மீதும் பழிபோடாமல் சொல்லி முடித்து, ஆளுக்கொரு குழாயைக் கையில் கொடுப்பீர்கள். “நான் தந்ததுண்ணு நம்பாத மக்கா. பாத்துட்டு எழுது.” அதற்குப் பிறகு நம் துறையில் ஆசிரியரை எதிர்த்துக் கேள்வி கேட்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள் என்பதையும், அதனால் எங்களில் பலருக்குப் பாடம் நடத்துவது முன்னைவிடக் கடினமாகிவிட்டது என்பதையும் இத்தருணத்தில் நன்றியோடு பதிவு செய்கிறோம்.

இனி, எடுத்துவிட்ட அந்த விளி. ‘பிழையறியாப் பெருமாட்டியீர்!’ என்று எழுதியிருந்தோம். இத்தகைய மடல்களில் வழக்கமாக எழுதுவதுதான். கையொப்பம் வாங்க ஒவ்வொருவரிடமும் கொண்டுபோனோம். தூத்துக்குடியில் வேலை பார்த்துக்கொண்டே ஆய்வுப் பட்டமும் பெற்று, சென்ற ஆண்டு முதல் நம் துறையிலேயே உதவிப் பேராசிரியராக இருக்கும் அஸ்வதியிடமும் கொண்டுபோனோம். அவர் பேனாவைத் திறந்தார், முதல் பத்தியைப் படித்தார், பேனாவை மூடிவிட்டார்.

“இது உள்ளதில்ல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார். விழாவுக்கு எழுதுகிற மடல்தானே, ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பெரிதுபடுத்தலாமா என்று கேட்டோம். “மேடம் அண்ணைக்கு அவங்க பேரை விட்டுக்கொடுத்துத்தான் எனக்க பேரைக் காப்பாத்தினாங்க. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லேண்ணு எழுதச் சொல்லுதியளா?” என்று கேட்டார். அருகே நின்ற சஜின் தம் பேனாவையும் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அந்த விளியை அடித்தோம். அது இருந்த இடத்துக்கு ஈடாகத்தான் இத்தனை நீளமாக ஒரு கதையைச் சொல்லியிருக்கிறோம்.

அம்மையீர்! பிறர் போற்றும் மடல்களெல்லாம் பிழையின்மையைப் போற்றட்டும். நாங்கள் தங்கள் பிழையையும் சேர்த்தே போற்றுகிறோம், அதைத் தாங்கள் ஒளிக்காததால்! நோய்கள் நெருங்காமல், நெஞ்சில் நிறைவு நீங்காமல், புதுக்கடை வீட்டில் பேரப்பிள்ளைகளைக் கை கழுவச் சொல்லி விரட்டிக்கொண்டு, பல்லாண்டு நலமே வாழ்க! தங்களை நாங்கள் மிகவும் நேசிக்கிறோம்; இதை நேரில் சொல்லத் துணிவில்லாததால் மடலில் சொல்கிறோம். இதில் ஏதேனும் தவறு கண்டால், வழக்கம்போல் சிவப்பு மையில் திருத்தி அனுப்புங்கள். மடலுக்குப் போட்ட கண்ணாடிச் சட்டத்தைப் பிரித்து மறுபடி எழுதித் தருவோம்.

இங்ஙனம்,
கண்டதை எழுதிக் கையொப்பமிடும்
முதுகலை நுண்ணுயிரியல் துறை ஆசிரியர்களும் ஆய்வகப் பணியாளர்களும்

(முதல் கையொப்பம்: அஸ்வதி)